உப்புக்கு அங்கால

அறுநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் யார் எந்த வாங்கில் உட்கார வேண்டும் என்பது வைதேகிக்குத் தெரிந்த அளவுக்கு எசன் நகரத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து ஆருக்கு என்ன பிரயோசனம் என்று அவளுடைய அம்மா சரளா கேட்காத நாள் இல்லை. சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் மருத்துவமும் கணினியும் படித்து வீடும் வாங்கிவிட்டார்கள். இவள் மட்டும் முப்பது தாண்டிய பிறகும் கொலோன் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, செத்துப்போன வெள்ளைக்காரப் பிரபுக்களின் சாப்பாட்டு மேசையைப் பற்றி டொக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று சொன்னால் சனம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்கிறது என்பது அம்மாவின் இன்னொரு மனவருத்தம்.

அவளுடைய ஆராய்ச்சி மார்ஷல் என்ற ஒரு ஆளைப் பற்றியது. அந்தக் காலத்துப் பெரிய பிரபுவின் விருந்து மண்டபத்தில் வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவன் அவன். வருகிறவர்களைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்து, இன்னார் இன்ன இடம் என்று கொண்டுபோய் இருத்துவான். டியூக்குக்குக் கீழே ஏர்ல், ஏர்லுக்குக் கீழே பாரன், பாரனுக்குக் கீழே நைட், அவனுக்குக் கீழே சொந்தக் காணி உழுகிறவன், எல்லாருக்கும் கீழே பிரபுவின் நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட குடியானவன். அந்தக் குடியானவன் தன் மகளைக் கட்டிக்கொடுப்பதற்கும் பிரபுவிடம் அனுமதி கேட்க வேண்டும். யார் எந்த மிருகத்தின் தோலைச் சட்டையில் வைத்துத் தைக்கலாம் என்பதற்கே சட்டம் போட்ட நாடு அது. பணமுள்ள வியாபாரி உயர்வா, பணமில்லாத பிரபுவின் மகன் உயர்வா என்று மார்ஷல்மார் மண்டையை உடைத்துக்கொண்டதைப் படிக்கும்போது வைதேகிக்குச் சிரிப்புத்தான் வரும். இப்படியும் விசர் பிடித்த சனம் இருந்திருக்கிறதே என்று சக மாணவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு வந்து விடிந்தது அவளுடைய மாமா தம்பித்துரையின் மணிவிழாவில்.

தம்பித்துரை சரளாவின் அண்ணன். எசனிலும் பக்கத்து ஊர்களிலுமாக அவருக்குப் பலசரக்குக் கடைகள் இருந்தன. சங்கத்தில் பதவி, கோயிலில் உபயம், எந்த விழாவிலும் முன்வரிசை. அறுபது வயது நிறைகிற நாளை ஊர் மறக்காத மாதிரிக் கொண்டாட வேண்டும் என்று ஆசைப்பட்டார். காலையில் கோயிலில் பூசை. மாலையில் ரூர் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டையை வாடகைக்கு எடுத்து விருந்து. கோட்டையை நடத்துகிற பேனாட் என்ற ஜேர்மன்காரர் அங்கே மத்தியகால விருந்துகள் செய்து பேர் வாங்கியவர். இங்கிலாந்து அரண்மனை விருந்து என்று ஒன்று இருக்கிறது, பந்தம், பறை, மரத்தட்டு எல்லாம் உண்டு என்று அவர் காட்டிய படங்களைப் பார்த்ததும் மாமா அதிலேயே விழுந்துவிட்டார். மகள் தர்மிகாவுக்கு லண்டனில் மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்த நேரம். சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களுக்கு இங்கிலாந்து விருந்து வைத்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிச் சொல்லித் தானே ரசித்தார்.

அதற்கு மார்ஷல் வேண்டுமே. வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக வைதேகியின் படிப்பு குடும்பத்துக்கு உதவப் போகிறது என்று அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. உண்மையைச் சொன்னால் வைதேகிக்கும் உள்ளூரக் குளிர்ந்தது. பேனாட்டோடு ஒரு தெர்மின், அதாவது சந்திக்க நேரம், வைத்து மாமாவும் அவளும் கோட்டைக்குப் போனார்கள். பூசை நாள் என்பதால் மரக்கறிச் சாப்பாடுதான் என்று மாமா சொல்ல, பேனாட் முகம் வாடிப்போனார். அந்த இங்கிலாந்தில் வாரத்தில் பாதி நாள் இறைச்சி தொடாத விரத நாள்தான் என்று வைதேகி சொல்லி அவரைத் தேற்றினாள். பிறகு மேடை மேசையில் பிரபுவின் பக்கத்தில் வைக்கிற பெரிய உப்புக் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னாள். உப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் மதிப்புள்ளவர்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் சும்மா வந்தவர்கள் என்று அவள் சொன்னபோது மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவ்வளவு கவனமாக மாமா தன் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை என்று அவள் அப்போது பெருமைப்பட்டாள்.

அன்றைக்கே பேனாட்டிடம் மாமா ஞானசுந்தரத்தின் கதையையும் சொன்னார். அது மாமா ஜேர்மன்காரரிடம் வழக்கமாகச் சொல்கிற கதை. நகரசபைக்காரர் வந்தாலும், வங்கிக்காரர் வந்தாலும், பத்திரிகைக்காரர் வந்தாலும் அதைத்தான் சொல்வார். எண்பத்தைந்தாம் ஆண்டில் அகதியாக வந்து இறங்கியபோது ஹைமில், அதாவது அகதிகளுக்கான விடுதியில், இரண்டு பேருக்கு ஒரு கட்டில். ஒருவர் படுக்க மற்றவர் கதிரையில் இருப்பார். அந்த மற்றவர் ஞானசுந்தரம். குளிருக்கு இருவருக்கும் ஒரே ஜக்கெட். மாமாவுக்கு நுரையீரலில் நோய் வந்தபோது நாளெல்லாம் ஆசுபத்திரியில் கிடந்து பார்த்ததும் அவர்தான். கதையின் முடிவில் மாமாவுக்குக் கண் கலங்கும். கேட்கிற ஜேர்மன்காரருக்கும் கலங்கும். பேனாட்டுக்கும் கலங்கியது. அப்படியான நண்பரை விருந்தில் கௌரவிக்காமல் எப்படி என்று அவர் கேட்க, என்னுடைய பக்கத்தில்தான் இருப்பார் என்றார் மாமா.

பேனாட் உடனே ஒரு யோசனை சொன்னார். பிரபு குடிப்பதற்கு முன் வேறு ஒருவர் அந்தக் கோப்பையில் குடித்து நஞ்சில்லை என்று காட்டுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. அதை நண்பர் செய்யட்டும். பிறகு பிரபு குடிப்பார். மார்ஷல், பிரபு அருந்தினார் என்று அறிவிப்பார். அதற்குப் பிறகுதான் சபை சாப்பிடத் தொடங்கும். உண்மையில் அதைச் செய்தது வேலைக்காரன், நண்பன் இல்லை. பேனாட் நஞ்சு பார்ப்பதையும் நண்பர்கள் ஒரே கோப்பையில் குடிப்பதையும் போட்டு ஒரு குழம்பு வைத்திருந்தார். ஆனால் நல்ல குழம்பு என்று வைதேகி விட்டுவிட்டாள். மாமாவும் ஜேர்மன்காரருக்கு முன்னால் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

ஞானசுந்தரத்தை வைதேகிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சத்தமில்லாத மனிதர். மாமாவின் மற்றக் கூட்டாளிகளை எல்லாம் மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று கூப்பிடப் பழக்கிய அம்மா, இவரை மட்டும் அங்கிள் என்று கூப்பிடப் பழக்கியிருந்தாள். ஏன் என்று வைதேகி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அங்கிள் என்பது நல்ல மரியாதையான சொல்தானே என்று இருந்துவிட்டாள்.

விருந்தன்று பின்னேரம் அவள் மார்ஷல் உடுப்பில் இருந்தாள். முழங்கால் வரை சிவப்பு அங்கி, தலையில் துணித்தொப்பி, கையில் வெள்ளைக் கோல். பேனாட்டின் பணியாளர்களும் ஏறக்குறைய அதே மாதிரி உடுப்பில் ஓடித் திரிந்தார்கள். விருந்தினர் வரத் தொடங்குவதற்குச் சற்று முன் மாமா அவளை ஒரு தூணின் பக்கம் கூப்பிட்டார். பட்டு வேட்டியும் அதற்கு மேலே பேனாட் போட்டுவிட்ட செயற்கை மயிர்த்தோல் சால்வையுமாக, பார்க்கச் சிரிப்பாக இருந்தார்.

"பிள்ளை, ஞானத்தை உப்புக்கு அங்கால இருத்து," என்றார்.

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"ஏன் மாமா? அவர் உங்களுக்குப் பக்கத்தில எண்டுதானே சொன்னனீங்கள்?"

"லண்டன் ஆக்கள் வருகினம். பக்கத்தில இருந்தா ஆர் எவரெண்டு விசாரிப்பினம். அவர் எந்த ஆக்கள் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? உனக்கு விளங்கும்தானே. இது இங்கிலீசுக்காரன்ர முறை, விளையாட்டு எண்டு சொல்லி அங்கால இருத்திவிடு. அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்."

எந்த ஆக்கள். எசனில் சாதியின் பெயரை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அது நாகரிகக் குறைவு. ஆக்கள் என்ற சொல் ஒன்று போதும். எங்கட ஆக்கள், அவையள், அந்தப் பக்கத்து ஆக்கள் என்று குரலைக் கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் இழுத்துச் சொன்னால் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிடும். வைதேகிக்கும் அந்தத் தூணடியில் விளங்கியது. அங்கிள் என்ற சொல் ஏன் என்பதும் சேர்ந்து விளங்கியது. மாமாவின் சால்வையிலிருந்து வந்த நாப்தலின் மணம் பொறுக்காமல் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பாக இருந்தது அந்த உப்புத்தான். அவள் சொல்லிக்கொடுத்த உப்பு. பழைய மனிதர்களின் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னதை, இந்த மனிதர் கடையில் சாமான் எடுக்கிற மாதிரி எடுத்துத் தன் பாவனைக்கு வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில்கூட ஓடிப்போன குடியானவன் ஒரு நகரத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் பிறகு அவனைத் திரும்பி வா என்று கூப்பிடப் பிரபுவுக்கு உரிமை இல்லை. ஞானசுந்தரம் எசனுக்கு வந்து எத்தனை வருடம். ஜேர்மன் கடவுச்சீட்டு, ஜேர்மன் ஓய்வூதியம், டிராமில் ஏறி இறங்கிய லட்சக்கணக்கான சனம். அதெல்லாம் லண்டன் ஆக்கள் ஒரு கேள்வி கேட்பதற்குள் கழன்று விழுந்துவிடுமாம்.

என்னால் ஏலாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. மகளின் தோளைப் பிடித்து, ஒரு பின்னேரம்தானே, தர்மிகாவின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும், நிச்சயமான சம்பந்தம் ஒரு கதிரையால் குழம்பினால் அந்தப் பிள்ளை தாங்குவாளா, நீ வெளியில் நின்று நியாயம் பேசிவிட்டுப் போய்விடுவாய், அழுகிறது அவளல்லவா என்று மூச்சு விடாமல் சொன்னாள். தர்மிகா நல்ல பிள்ளை. வைதேகியோடு கூடவே வளர்ந்தவள். அம்மாவுக்கு எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பது எப்போதும் தெரியும்.

ஆட்கள் வந்தார்கள். வைதேகி கோலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கொண்டுபோய் இருத்தினாள். சங்கத் தலைவர் மேடையில். கோயில் தர்மகர்த்தா மேடையில். லண்டன் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மாமாவின் வலப்பக்கத்தில். சம்பந்தியம்மா கழுத்து நிறைய நகையோடு வந்து, மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்து, எல்லாம் வடிவாய் இருக்கு என்றாள். அவர்கள் மதியம்தான் விமானத்தால் இறங்கியவர்கள், கோயிலுக்கு வரவில்லை. வைதேகியை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. வைதேகியும் நின்று அறிமுகப்படுத்திக்கொள்கிற மனநிலையில் இல்லை.

ஞானசுந்தரம் புதுக் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி வந்திருந்தார். தலைமயிருக்கு மை பூசியிருந்தார், அது ஒரு காதுமடலிலும் கொஞ்சம் பட்டிருந்தது. மணிவிழா மாப்பிள்ளைக்குப் போர்த்தவென்று பொன்னாடை ஒன்றைப் பையில் வைத்திருந்தார்.

"எனக்கு எங்க, பிள்ளை?" என்று கேட்டார். கேட்கும்போதே பார்வை மேடைக்குப் போயிருந்தது.

"அங்கிள், இது அந்தக் காலத்து இங்கிலீஸ் முறை. ஒரு விளையாட்டு மாதிரி," என்று வைதேகி தொடங்கினாள். தன் குரல் தனக்கே அழுக்காகக் கேட்டது. அவர் முகம் மாறவில்லை. மாறாமல் இருக்க எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதுதான் அந்த முகத்தில் தெரிந்தது. சரி பிள்ளை, நீங்கள் சொல்லுற இடத்தில இருக்கிறன் என்று அவளுக்குப் பின்னால் வந்தார். மண்டபத்தின் கடைசி மேசை. கழிப்பறைக்குப் போகிற கதவுக்குப் பக்கம். அவர் பொன்னாடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் வாசலுக்குத் திரும்பி வந்து சேர்வதற்குள் கொலோனிலிருந்து வந்திருந்த ஒரு புருசனும் பெண்சாதியும் பின்னாலேயே வந்து பிடித்தார்கள். அதே கடைசி மேசையில் இருத்தப்பட்டவர்கள். மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம், வசதி இல்லாதவர்கள், அதனாலேயே அங்கே தள்ளப்பட்டவர்கள். இடம் கடைசியாய்ப் போனதைப் பற்றித்தான் முறையிடப் போகிறார்கள் என்று வைதேகி நினைத்தாள். அவளுக்கு அவர்கள் மேல் இரக்கம்கூட வந்தது.

"தங்கச்சி, கடைசி மேசை எண்டா பரவாயில்லை," என்றாள் அந்தப் பெண், குரலை இறக்கி. "ஆனா எங்களை எப்பிடி நீங்கள் அவையளோட சேத்து இருத்தலாம்?"

சீ என்று ஆகிவிட்டது வைதேகிக்கு. மேலே இருக்கிறவன் கீழே தள்ளினான். தள்ளப்பட்டவன் எழும்பி, தனக்கும் கீழே ஒருவனைக் காட்டு என்கிறான். அவளுடைய ஆராய்ச்சியில் இதற்கு ஒரு அத்தியாயமே இருந்தது. நைட்டுக்குப் பக்கத்தில் இருத்தவில்லை என்று கோபிக்காத சின்ன உத்தியோகத்தன், சமையற்காரனுக்குப் பக்கத்தில் இருத்தியதற்கு வாளை உருவினான் என்று எழுதி, அடியில் குறிப்பும் போட்டிருந்தாள். எழுதும்போது நெஞ்சில் ஒன்றும் ஏறவில்லை. இப்போது அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த ஏலக்காய் வாசனையே அவளுக்கு ஓங்காளித்தது. இடம் இல்லை, இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவர்கள் நிற்கவில்லை. கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மேசையில் நெருக்கிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் எழும்பினார்கள். ஞானசுந்தரத்தைச் சுற்றி இடம் வெளித்துப்போனது.

பறை முழங்கியது. பேனாட் ஒலிவாங்கியோடு மேடைக்கு வந்து ஜேர்மன் மொழியில் வரவேற்றார். அவருக்கு ஆக்கள் என்றால் என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு கட்டிலும் ஒரு ஜக்கெட்டும்தான். அந்தக் கதையை அவர் தன் பாணியில் உருக்கமாகச் சொன்னார். நகரசபையிலிருந்து வந்திருந்த ஜேர்மன்காரர்கள் கைதட்டினார்கள். அந்த உயிர் நண்பர் எங்கே என்று பேனாட் கையை நீட்டித் தேடினார். மேடையில் காணவில்லை. மண்டபத்தின் கோடியில் தனியே இருந்தவரைப் பணியாள் ஒருவன் காட்ட, அதுவும் நாடகத்தின் ஒரு பகுதி என்று பேனாட் நினைத்துக்கொண்டார். கோடியிலிருந்து வருகிறார் நம்பிக்கைக்குரியவர் என்று முழங்கினார். மாமாவின் முகத்தில் இரத்தம் வற்றியது.

ஞானசுந்தரம் எழுந்து வந்தார். நீளமான மண்டபம். எல்லாரும் பார்க்க நடந்து வந்து மேடையில் ஏறினார். பேனாட் இரண்டு கைப்பிடி வைத்த பெரிய கோப்பையை அவரிடம் கொடுத்தார். கறுவா போட்டுக் காய்ச்சிய அப்பிள் சாறு. அவர் நிதானமாகக் குடித்தார். உதட்டைத் துடைத்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் தம்பித்துரையிடம் நீட்டினார். முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வந்தது. கடைசி மேசையில் இருத்தியதை மன்னித்துவிட அந்த மனிதருக்கு அந்த ஒரு மிடறு போதுமாக இருந்தது என்று வைதேகிக்குத் தோன்றியது.

தம்பித்துரை வாங்கினார். சம்பந்தியம்மாவின் பக்கம் ஒரு கண் போய் வந்தது. கோப்பையை உயர்த்தி வாயில் வைத்தார். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தார். கோடியில் இருப்பவர்களுக்கு அது நல்ல குடிதான். வைதேகி அவருக்கு ஒரு எட்டுத் தூரத்தில் நின்றாள். மாமாவின் உதடு இறுகப் பூட்டியிருந்தது. தொண்டை அசையவில்லை. அதே இடத்தில் நின்ற ஞானசுந்தரமும் அதைப் பார்த்தார். அவர் முகத்துச் சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

மாமா கோப்பையை இறக்கி, ஆ என்று ஒரு திருப்தி காட்டி, வைதேகியைப் பார்த்துத் தலையசைத்தார். இனி அவள் அறிவிக்க வேண்டும். பேனாட் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். பிரபு அருந்தினார், எல்லாரும் அருந்தலாம். அவ்வளவுதான் வசனம். சனம் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்வதற்கு அவள் பழகாதவள் இல்லை. ஆனால் இந்தப் பொய் வாய்க்குள் வந்ததும் அழுகினதைக் கடித்துவிட்ட மாதிரி இருந்தது. துப்பாமல் முடியவில்லை.

"மாமா குடிக்கேல்லை," என்றாள் ஒலிவாங்கியில்.

பிறகு அதையே ஜேர்மன் மொழியிலும் சொன்னாள். மாமா சிரிக்கிற மாதிரிப் பல்லைக் காட்டி, குடிச்சனான் பிள்ளை, நீ சொல்லு என்றார். வைதேகி கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லை, இன்னும் குடிக்கேல்லை என்றாள். எல்லாருடைய கண்ணும் கோப்பைக்குப் போனது. தம்பித்துரை இப்போது ஒரு மிடறு குடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஒரே ஒரு மிடறு. அவர் கோப்பையைப் பார்த்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்தார். பணியாளைக் கையால் கூப்பிட்டு, வேறு ஒரு கோப்பை கொண்டுவரச் சொன்னார்.

அந்த இடத்தில் காப்பாற்றியவர் பேனாட். ஒலிவாங்கியை வாங்கி, மத்தியகாலத்தில் கிருமி என்றால் என்னவென்று தெரியாது, எங்கள் பிரபுவோ நவீன மனிதர், கொரோனாவுக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் இப்படித்தானே என்றார். ஜேர்மன்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தமிழர்கள் சிரித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓமோம், சுகாதாரம் முக்கியம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதைத் திருப்பிச் சொன்னார். தப்பித்தோம் என்று சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்பதை வைதேகி அன்றைக்குப் பார்த்தாள். சங்கத் தலைவரின் வாய்க்குள் அண்ணாக்குத் தெரிந்தது. ஒருவருக்கும் விளங்காமல் இல்லை, எல்லாருக்கும் விளங்கியிருந்தது. புதுக் கோப்பை வந்தது. மாமா அதை ஒரே மூச்சில் குடித்தார். மார்ஷலின் அறிவிப்புக்கு ஒருவரும் காத்திருக்கவில்லை. தட்டுகள் சத்தம் போடத் தொடங்கின.

ஞானசுந்தரம் இன்னும் அங்கேயே நின்றார். அந்தச் சத்தத்துக்குள் தம்பித்துரையின் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"துரை, இவ்வளவு காலமும் என்ர வீட்டை வந்து குடிச்ச தேத்தண்ணி, அதையும் இப்பிடித்தான் குடிச்சனியோ?"

மாமா தன் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்தார். ஞானசுந்தரம் படியிறங்கித் தன் மேசைக்குப் போனார். வெளியே போய்விடுவார் என்று மேடையில் இருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள், அப்படிப் போனால் அவர்களுக்கு வசதி. அவர் போகவில்லை. பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

சம்பந்தியம்மா தலையைத் திருப்பி, கோலோடு நின்ற வைதேகியை மேலும் கீழும் பார்த்தாள். பார்வையில் அருவருப்பு. அதை மறைக்கவும் இல்லை.

"ஆர் அண்ணை இந்தப் பிள்ளை?" என்று மாமாவைக் கேட்டாள். "மாமா எண்டு கூப்பிட்டுது. உங்கட ஆக்களோ?"

மாமாவின் பார்வை வைதேகியின் சிவப்பு அங்கியில் வந்து நின்றது. அப்பால் அதே சிவப்பில் பணிப்பெண்கள் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"சீச்சீ. இது மண்டபத்தில வேலை செய்யிற பிள்ளை," என்றார். "இஞ்சத்தைத் தமிழ்ப் பிள்ளையள் எல்லாம் என்னை மாமா எண்டுதான் கூப்பிடுறவை."

சம்பந்தியம்மா அப்படியா என்றாள். வைதேகி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசையின் அந்தப் பக்கம், கையெட்டுகிற தூரத்தில்தான் இருந்தாள். அவள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். சம்பந்தியம்மாவின் கண் இப்போது அவள் பக்கம் வந்திருந்தது.

"ஓம்," என்றாள் சரளா, சூப்பைப் பார்த்துக்கொண்டு. "ஆரின்ர பிள்ளையோ."

வைதேகி மேடையை விட்டு இறங்கினாள். கடைசி மேசைவரை நடந்தாள். பின்னால் இருந்து ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.